லைப்ரரியம்மா பதில்கள்: ஒன்றரையணாவும் ஒரு வடையும்

போன இதழில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் வருஷத்துக்குப் பத்துப் பழைய சிறுகதையாவது படிக்க வேண்டும், சாதாரண மக்கள் அதில்தான் இருக்கிறார்கள்" என்று எழுதிவிட்டேன். அதன் பலன், இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். கை வலிக்காத அளவுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். முட்டி வலிக்கு மருந்து கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் என்று எழுத முடியாது. நான் நூலகர், டாக்டர் இல்லை.

கல்லூரி மாணவி, கோவில்பட்டி: அம்மா, நீங்கள் சொன்னதற்காகப் புதுமைப்பித்தனைப் படிக்க உட்கார்ந்தேன். டிராம், காலணா, பிராட்வே என்று போகிறது. எங்கள் தாத்தா பிறப்பதற்கு முன்னால் உள்ள உலகம். இது எனக்கு எதற்கு?

நீ எடுத்தது 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்று நினைக்கிறேன். 1943இல் வந்த கதை. உன் தாத்தா கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

முதல் பக்கத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார். கந்தசாமிப் பிள்ளை பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற முனையில், வண்டி மோதாத ஓரமாகப் பார்த்து நின்றுகொண்டு தீவிரமாக யோசிக்கிறார். நாட்டைப் பற்றியா? இல்லை. டிராமில் போனால் ஒன்றே காலணா, காலணா மிஞ்சும், வெற்றிலை பாக்குப் போட்டுக்கொள்ளலாம். பஸ்ஸில் ஏறி, கண்டக்டரை ஏமாற்றி சென்ட்ரலைத் தாண்டியபிறகு டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பி உண்டு, ஆனால் வெற்றிலை கிடையாது. மனிதர் கையில் இருப்பது மொத்தமே ஒன்றரையணா. இந்தக் கணக்கு முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கிறபோதுதான் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். முதலில் சில்லறை, அப்புறம்தான் கடவுள்.

கதை முடிகிற இடமும் அப்படித்தான். கடவுள் பிள்ளைவாள் வீட்டில் தங்கி, நாட்டியம் ஆடிப் பிழைக்கப் பார்த்து, முடியாமல் போய்ச் சேர்ந்துவிடுகிறார். பிள்ளை என்ன செய்கிறார்? கணக்குப் புத்தகத்தை எடுத்து, தம்முடைய வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா வரவு ரூபாய் இருபத்தைந்து என்று பதிகிறார். சாட்சாத் பரமசிவனே வீட்டுக்கு வந்துபோனாலும் வரவை எழுதிவைக்க வேண்டுமல்லவா?

சென்னையில் டிராம் 1953இல் நின்றுவிட்டது. 1957இல் நயா பைசா வந்து, பதினாறு அணா ரூபாயும் போயிற்று. இதை எழுதியவர் 1948இலேயே, 42 வயதில் காலமாகிவிட்டார். டிராம், காசு, எழுதியவர் மூன்றும் போனபிறகும் அந்த முனையில் பிள்ளை நின்றுகொண்டே இருக்கிறார். காலணா என்றால் எவ்வளவு என்று உனக்குத் தெரிய வேண்டியதில்லை. மாசக் கடைசியில் நெட் பேக் போடுவதா, தோழி பிறந்தநாளுக்குப் பங்கு கொடுப்பதா என்று விடுதியில் நீ யோசித்திருப்பாய். 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் கண்டக்டரை ஏமாற்ற வேண்டிய கஷ்டம் மட்டும் உனக்கு இல்லை.

சர்வீஸ் கதை ஒன்று சொல்கிறேன். தஞ்சாவூர் ஜில்லாவில் கிளை நூலகங்களில் 33 வருஷம் வேலை பார்த்தேன். புத்தகத்தில் பென்சிலால் கிறுக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. மேஜை டிராயரில் ரப்பர் வைத்திருப்பேன், திரும்பி வருகிற புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து அழித்துவிட்டுத்தான் அலமாரிக்கு அனுப்புவேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் இந்தக் கதை இருக்கிற தொகுப்பு திரும்பி வந்தது. முதல் பக்க ஓரத்தில், குண்டு குண்டான எழுத்தில்: "போக 75, வர 75. நடந்தால் டீ + வடை." எடுத்துப் போனவர் யார் என்று பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. அதை மட்டும் அழிக்கவும் இல்லை.

உரை நூலில் தேடினாலும் அப்படி ஒரு உரை கிடைக்காது. எழுதியவர் தமிழ் படித்தவராக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. அவருக்கு அந்த முனையில் நின்று பழக்கம், அவ்வளவுதான்.

புதுமைப்பித்தனின் 'ஒரு நாள் கழிந்தது' கதையையும் படித்துவிடு. முருகதாசர் என்ற எழுத்தாளர் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிற நேரம், காப்பிக்கு வழியில்லை. கைமாற்றாக மூன்று ரூபாய் கேட்கிறார், எட்டணா கிடைக்கிறது. சரி, அதையாவது கொடு என்று வாங்கிக்கொள்கிறார். மூன்று ரூபாய் கேட்டு எட்டணாவோடு திரும்புகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவர் ஒரு வரி வர்ணித்திருந்தால் கதை கெட்டுப்போயிருக்கும். நமக்கே தெரியும்.

பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்: அசோகமித்திரனின் 'எலி' கதையை எல்லோரும் புகழ்கிறார்கள். ஒருவன் எலி பிடிக்கிறான், கொண்டுபோய் விடுகிறான். நடந்தது ஒன்றுமில்லையே, இதில் என்ன பெருமை?

முடிவைச் சொல்லிவிடுகிறேன், படிக்காதவர்கள் மன்னிக்க. பொறியில் வைப்பதற்கு வீட்டில் ஒன்றும் இல்லை. கணேசன் ராத்திரி நேரத்தில் வெளியே போய் வடை வாங்கி வருகிறான். எலி மாட்டுகிறது. காலையில் திறந்த வெளிக்குக் கொண்டுபோய் விடுகிறான், வெளியே வந்த எலி காக்கையிடம் அகப்பட்டுக்கொள்கிறது. பிறகு பொறியைப் பார்க்கிறான். வடை அப்படியே இருக்கிறது. எலி அதைத் தொடவே இல்லை.

நீங்கள் கம்பெனியில் நைட் ஷிப்டில் ஒருவனைச் சத்தம்போட்டு அனுப்பிவிட்டு, அவன் போனபிறகு அவன் சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருப்பதைப் பார்த்ததுண்டா? நடந்தது ஒன்றுமில்லைதான். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள்.

கணேசன் வருத்தப்பட்டான், மனம் கலங்கினான் என்றெல்லாம் ஊதிப் பெருக்கியிருக்கலாம். அசோகமித்திரன் வடையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஜெமினி ஸ்டூடியோவில் பல வருஷம் வேலை பார்த்தவர். சினிமாவில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டுகிற இடத்திலிருந்து வந்த மனிதர் எழுத்தில் குரலையே உயர்த்தவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். அவரை வறட்சி என்று சொல்கிறவர்களோடு நான் பேச்சை வளர்ப்பதில்லை, 'புலிக்கலைஞன்' கதையைக் கையில் கொடுத்துவிடுவேன். வேலை கேட்டு வருகிறவன் சினிமா ஆபீசில் எல்லோர் முன்னாலும் புலியாக மாறிக் காட்டுகிறான். பார்த்தவர்கள் அசந்துபோகிறார்கள். வேலைதான் இல்லை.

ஒரு விஷயம். முடிவு தெரிந்தால் படிக்க முடியாத கதைகள் உண்டு. துப்பறியும் நாவல் என் நூலகத்தில் சக்கைப்போடு போடும், தேதிச் சீட்டு நிரம்பி வழியும். ஆனால் ஒரே ஆள் அதை இரண்டாம் தடவை எடுத்துப் போனதாக எனக்கு நினைவில்லை. சிறுகதைத் தொகுப்புகள் மெதுவாகத்தான் நகரும். எடுத்தவரே இரண்டு வருஷம் கழித்து, "அந்த வடைக் கதை இருக்குமே, அந்தப் புஸ்தகம்" என்று வந்து நிற்பார்.

இல்லத்தரசி, மன்னார்குடி: என் மாமியாருக்கு 82 வயது. கண் மங்கிவிட்டது. முன்பு நிறையப் படித்தவர். தினமும் அரை மணி நேரம் படித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன். எதில் ஆரம்பிப்பது?

உங்கள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர் தி. ஜானகிராமன் இருக்கும்போது வேறு யாரிடம் போவது? 'சிலிர்ப்பு' படியுங்கள். திருச்சியிலிருந்து கிளம்புகிற மாயவரம் ரயில். அப்பாவும் சின்னப் பையனும் வருகிறார்கள். பையன் கையில் ஆசையாக வைத்திருக்கிற ஆரஞ்சுப் பழம். எதிரில் பத்து வயசுப் பெண் ஒன்று, கல்கத்தாவில் ஒரு வீட்டில் வேலை செய்யப் போகிறது. பெற்றவர்களை விட்டு அவ்வளவு தூரம். கும்பகோணத்தில் இறங்குவதற்குள் அந்தப் பழம் கை மாறுகிறது. அரை மணிக்குள் முடிந்துவிடும். ஆனால் அன்றைக்கு வேறு கதை தொடங்காதீர்கள். பாட்டியம்மா கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும்.

மறுநாள் 'பாயசம்'. சாமநாது என்கிற பெரியவருக்கு அண்ணன் மகன் வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்து வயிற்றெரிச்சல். அண்டா நிறையப் பாயசத்தைக் கவிழ்த்துவிட்டு, எலி விழுந்து கிடந்தது என்று சொல்லிவிடுகிறார். (இந்த இதழ் முழுக்க எலியாக இருக்கிறது, என்ன செய்ய.) என் அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டியபோது பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்தாள். "இது நம்ம…" என்று ஒரு உறவுக்காரர் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரை இங்கே போட்டால் எனக்கு அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது.

கு.ப.ரா. என்கிற கு.ப. ராஜகோபாலனின் 'விடியுமா?' கதையை மட்டும் ஆள் பார்த்துப் படியுங்கள். வீட்டில் சமீபத்தில் ஆஸ்பத்திரி அலைச்சல் இருந்திருந்தால் ஒத்திப்போடுங்கள். சிவராமையர் ஆபத்தில் இருக்கிறார் என்று சென்னையிலிருந்து இரண்டே வார்த்தையில் தந்தி வருகிறது. கும்பகோணத்திலிருந்து அவர் மனைவியும் அவள் தம்பியும் ராத்திரி ரயிலில் கிளம்புகிறார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போகிறது. போய்ச் சேருகிறவரை நம்பவும் முடியாது, அழவும் முடியாது. தந்தி சேவை 2013 ஜூலையோடு நின்றுபோயிற்று. ஆனால் "கொஞ்சம் சீரியஸா இருக்கு, எதுக்கும் கிளம்பி வந்துடுங்க" என்று செல்லில் சொல்கிறவரை நமக்குத் தெரியாதா? அந்த "எதுக்கும்" என்ற வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தும் தெரியாத மாதிரி பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள்தானே நாம் எல்லோரும்.

அப்பா போய் இரண்டு வருஷம் கழித்து அம்மா கேட்டதால் அதைப் படித்தேன். பொழுது விடிகிற இடத்துக்கு வந்தபோது எனக்குத்தான் குரல் உடைந்தது. அம்மா நிதானமாக இருந்தாள். "தெரிஞ்சப்புறம் ஒரு மாதிரி லேசா ஆயிடும்டி. அதைப் பிடிச்சுட்டான் பாரு" என்றாள். கு.ப.ரா. 1944இல் இறந்துவிட்டார், வயது நாற்பத்திரண்டு. என் அம்மா அவரை ஏதோ தன் தம்பியைப் போல ஏகவசனத்தில் சொன்னாள்.

படித்துக் காட்டும்போது நடிக்காதீர்கள். செய்தி வாசிக்கிற மாதிரியும் வேண்டாம். பாட்டியம்மா குறுக்கே பேசினால் புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்கள், அன்றைக்குக் கதை அதுதான்.

வாசகர், ஆம்பூர்: தமிழ்க் கதை மட்டும்தானா? ரஷ்யாக்காரர்களை மறந்துவிட்டீர்களே?

செகாவை மறந்தால் சோறு கிடைக்காது. 1886இல் எழுதிய 'வான்கா'. மாஸ்கோவில் செருப்புத் தைப்பவரிடம் வேலை பழகுகிற ஒன்பது வயசுப் பையன், அடி தாங்காமல் ஊரிலிருக்கிற தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். உறையில் விலாசம்: கிராமத்திலிருக்கும் தாத்தாவுக்கு. தபால் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான்.

என் நூலகத்துக்கு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தினம் பேப்பர் படிக்க வருவார். கதை பக்கமே போகாதவர். ஒரு மழை நாளில் வேறு ஆளில்லை என்று இதைக் கொடுத்தேன். படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இது ஆர்.எல்.ஓ.வுக்குத்தாம்மா போகும்" என்றார். விலாசம் சரியில்லாத தபால் போய்ச் சேருகிற ஆபீஸ் அது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மழை விட்டபிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆசிரியர், விழுப்புரம்: ஏழைகளின் கஷ்டத்தை உட்கார்ந்து ரசிக்கிற பழக்கம்தானே இது? எழுதியவர்களில் பெரும்பாலோர் குறிப்பிட்ட சில சாதிகளிலிருந்து வந்தவர்கள். "சாதாரண மக்கள்" என்று நீங்கள் சொல்வது யாரை?

உறைப்பான கேள்வி. பாதி ஒப்புக்கொள்கிறேன். பாதிக்குச் சண்டை போடுகிறேன்.

சண்டை முதலில். 1934இல் 'மணிக்கொடி' பத்திரிகையில் வந்த புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' படித்துவிட்டு யாரும் ரசித்துவிட முடியாது. குதிரைவண்டிக்காரன் அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால் கஞ்சி வார்க்க வேண்டும், காசில்லை. அவன் பெண்டாட்டி அம்மாளு இருட்டுச் சந்துக்குள் போய் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். கற்பைப் பற்றி மேடையில் முழங்குகிறவர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கதை நின்றுவிடுகிறது. அந்த முக்கால் ரூபாயைக் கொஞ்சம் கவனியுங்கள். "சிறிது பணம்" என்று எழுதியிருந்தால் அது உபதேசமாகப் போயிருக்கும்.

கி. ராஜநாராயணனின் 'கதவு' இன்னொன்று. வீட்டுக் கதவில் ஏறிப் பிள்ளைகள் வண்டி விடுகிறார்கள், டிக்கெட் கொடுக்கிறார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். வாசலில் கதவில்லாத வீட்டில் பனிக்காற்றும் நாயும் நுழைய எது தடை? கைக்குழந்தை ஒன்று போய்விடுகிறது. கிரா வரி வசூலைப் பற்றி ஒரு சொற்பொழிவும் ஆற்றவில்லை. கரிசல்காட்டு விவசாயி ஜப்தியென்றால் என்னவென்று நேரில் பார்த்தவர், கதவைக் காட்டினார்.

இனி ஒப்புதல். மணிக்கொடிக் கதைகளை வரிசையாகப் படித்தால் அக்ரஹாரமும் பிள்ளைமார் வீடும் திரும்பத் திரும்ப வரும். வயலில் நின்றவர்கள் ஓரமாகத்தான் வருவார்கள், பல சமயம் பெயர் இல்லாமல். அந்த வீட்டு வரவு செலவை அந்த வீட்டு ஆள் எழுத நாம் ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. பூமணி வந்தார், பாமா வந்தார், இமையம் வந்தார். பாமாவின் 'கிசும்புக்காரன்' கதைகளை வகுப்பில் படித்துக் காட்டிப் பாருங்கள். பண்ணையாரைக் கிண்டலடித்தே மூக்கறுக்கிற ஆட்கள் வருவார்கள், பிள்ளைகள் துள்ளுவார்கள். பெண்கள் விஷயத்திலும் இதே கதைதான். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' வந்தபிறகுதான், அத்தனை பழைய கதைகளிலும் காப்பி எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்தேன். ஆண்கள் எழுதிய கதையில் காப்பி வெறுமனே "வந்தது".

அதற்காகப் பழையதைத் தூக்கிப் போடச் சொல்கிறீர்களா, பக்கத்தில் இன்னொரு அலமாரி போடச் சொல்கிறீர்களா? இரண்டாவது என்றால் நானும் உங்களோடு வந்து ஆணி அடிக்கிறேன்.

வாசகர், சிங்கப்பூர்: இதெல்லாம் இணையத்தில் இலவசமாகப் படிப்பது திருட்டாகுமா?

இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 வருஷம் உரிமை உண்டு. புதுமைப்பித்தன், கு.ப.ரா. இருவருக்கும் அது முடிந்துவிட்டது. தாராளமாகப் படியுங்கள். ஜானகிராமன் 1982இல்தான் இறந்தார், அசோகமித்திரன் 2017, கிரா 2021. அவர்களுக்குக் காசு கொடுங்கள். உங்கள் ஊரில் ஒரு காப்பி விலைக்கு இங்கே நல்ல தொகுப்பு வந்துவிடும் என்று என் மருமகன் சொல்கிறான்.

பெயர் வெளியிட வேண்டாம் என்ற வாசகர், அறந்தாங்கி: 33 வருஷத்தில் நூலகத்திலிருந்து ஒரு புத்தகமாவது "கொண்டுபோய்" இருக்கிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

பெயரை மறைத்துக்கொண்டு இப்படிக் கேட்கிறீர்களே, நீங்கள் எத்தனை வைத்திருக்கிறீர்கள்?

ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. மேலே கோவில்பட்டிப் பெண்ணுக்குச் சொன்னேனே, ஓரத்தில் பென்சில் கணக்கு இருந்த தொகுப்பு. அட்டை பிய்ந்து, தையல் விட்டு, தூக்கிப்போடுகிற நிலைக்கு வந்தது. புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் பைண்டிங் கட்டோடு சேர்த்து அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பச்சைக் காலிகோ அட்டையோடு ஜம்மென்று திரும்பி வந்தது. அவசரமாக அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். பைண்டர் ஓரத்தைச் சமமாக இருக்கட்டும் என்று கால் அங்குலம் வெட்டியிருந்தார். "நடந்தால் டீ +" வரைக்கும் இருந்தது. வடை போய்விட்டது.